லட்சுமியம்மாள் வைத்த மீதி

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். குடும்பத்துக்குப் பெரியவர் காசிநாதன், அவருடைய தங்கை ஆயம்மாள், மகன் அறிவுச்செல்வன், ஆறு மாதக் கர்ப்பிணியான மருமகள் எழில்மதி. நடக்கப்போவது வெளியே தெரியக் கூடாது என்பதால், வேலையாட்களை வர வேண்டாம் என்று முந்தின நாளே காசிநாதன் சொல்லிவிட்டிருந்தார்.

காலையில் எழில்மதி குண்டானின் மூடியைத் திறந்தாள். சேறு கக்குவதற்காக இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டிருந்த நத்தைகள், இயல்பாகச் சுற்றிலும் பரவி ஏறியிருக்க வேண்டும். இவை வடக்குப் பக்கம் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன. மற்ற பக்கமெல்லாம் வெறும் அலுமினியம். அவள் குண்டானைத் திருப்பி வைத்துவிட்டு மஞ்சள் எடுக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தபோது எல்லாம் மறுபடியும் வடக்கே வந்திருந்தன. வடக்கே இருந்தது மாமியார் லட்சுமியம்மாள் செத்துப்போன அறை.

இதை யாரிடம் சொல்வது? சொல்லவும் தெம்பில்லை. பதினோரு நாளாக அவளுக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. கஞ்சி தொண்டைக்குழி வரை போய், அங்கே யாரோ விரலால் அடைத்த மாதிரி நின்று, திரும்பி வந்தது. கள்ளக்குறிச்சியில் ஸ்கேன் எடுத்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒரு குறையும் இல்லை என்றார்கள். வயிற்றுப் பிள்ளையின் அசைவு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

போன சித்திரையில் லட்சுமியம்மாளுக்கும் இப்படித்தான் வந்தது. கல்வராயன் மலையடிவாரத்தில் பிறந்தவள் அவள். கோடையில் ஏரி வற்றும்போது சேற்றில் நத்தை பொறுக்கித் தின்று வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த நாற்பத்து நான்கு வருஷத்தில் அதைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. கடைசியில் ஒரே ஒரு தடவை கேட்டாள். மிளகு போட்டு வறுத்து ஒரு வாய். கூலிக்காரர்கள் தின்பது இந்த வீட்டு அடுப்பில் ஏறாது என்று காசிநாதன் மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் வேறெதுவும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் செத்துப்போனாள்.

இன்று வருஷப் படையல். மூன்று நாளாக அண்ணனோடு வாதாடி ஆயம்மாள் சம்மதம் வாங்கியிருந்தாள். ஆட்டுக்கறியே போதாதா என்று அவர் கடைசியாக ஒரு தரம் கேட்டதற்கு அவள் சொன்னாள்: "ஆட்டுக்கறின்னு சொல்லி ஊர ஏமாத்தலாம் அண்ணே. செத்தவள ஏமாத்த முடியுமா? அவதான் அந்தப் பொண்ணு தொண்டைய புடிச்சிக்கினு நிக்கறா, தெரியல?"

பக்கத்து ஏரியில் வாங்கினால் பேச்சு வரும் என்று, அறிவுச்செல்வன் சின்னசேலம் பக்கம் போய், லேப்டாப் பையில் ஒளித்து நத்தை கொண்டுவந்திருந்தான். நத்தை ஆபீசுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது என்று ஆயம்மாள் கேலி செய்தாள்.

ஜன்னல்களை எல்லாம் காசிநாதனே சாத்தினார். கரண்ட் வேறு போயிருந்தது. கொதிக்கும் மஞ்சள் தண்ணீரில் ஓடுகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலக்க, காய்ந்த ஏரியின் அடிச்சேற்று வாடை எழுந்து, வெளியே போக வழியில்லாமல் சுவர்களில் படிந்து, புடவையில் ஏறி, எழில்மதியின் நாக்கில் வந்து உட்கார்ந்தது. ஊக்கின் முனையால் ஒவ்வொன்றாகக் குத்தித் திருகிச் சதையை இழுத்தாள். கை தானாக வேலை செய்தது. கண் செருகியது. படுத்தால் போதும் என்றிருந்தது. வால்பக்கத்துக் குடலை நறுக்கி எறிந்து, உப்புப் போட்டு நான்கு தண்ணீர் அலசிக் கொடுத்தாள். ஆயம்மாள் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வறுத்தாள். வெறும் ஓடுகளை அறிவுச்செல்வன் கொல்லையில் குழிதோண்டி மூடினான்.

உச்சிவேளையில் வடக்கு அறையில் தலைவாழை இலை விரித்துச் சோறும் வறுவலும் வைத்தார்கள். செத்தவர் பெயரைச் சொல்லி, கேட்டதைச் செய்திருக்கிறோம், வந்து சாப்பிடு என்று வீட்டுக்குப் பெரியவர் கூப்பிட வேண்டும். காசிநாதன் கற்பூரம் காட்டினார். தெருப்பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய எதையோ சொன்னார். கதவைச் சாத்திவிட்டு நால்வரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். செத்தவர் சாப்பிடும்வரை யாரும் பார்க்கக் கூடாது என்பது முறை. மாதப் படையல்களிலும் இப்படித்தான் காத்திருந்தார்கள். அப்போதெல்லாம் உள்ளே ஒரு சத்தமும் வந்ததில்லை.

இன்று முதலில் இலை சரசரத்தது. கதவிடுக்கில் காற்று புகுந்திருக்கும் என்று எழில்மதி நினைத்துக்கொண்டாள். ஆனால் கூடத்தில் காற்றே இல்லை. வியர்வை அவள் கழுத்தில் வழிந்து தாலிக்கயிற்றை நனைத்தது. அடுத்து உறிஞ்சும் சத்தம் வந்தது, நத்தையை ஓட்டோடு வாயில் வைத்து உறிஞ்சுகிற மாதிரி. அதன்பின் தரையில் ஓடு விழும் சத்தம்.

ஓடுகள் குழியில் கிடக்கின்றன.

டக்.

மறுபடியும் உறிஞ்சல். அவசரம். பல நாள் பசி.

டக்.

பிறகு சத்தம் நின்றது. காசிநாதன் எழுந்து, முறைப்படி மூன்று தரம் கைதட்டிக் கதவைத் திறந்தார்.

உள்ளே யாரும் இல்லை. இலையில் ஒரு பாதி நரம்பு தெரிய நக்கித் துடைத்திருந்தது. மறுபாதியில் சோறும் வறுவலும் சேர்த்து ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. மேலே ஈரம் பளபளத்தது.

எழில்மதிக்கு அந்த ஒதுக்கல் தெரியும். நாற்பத்து நான்கு வருஷமும் காசிநாதன் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் லட்சுமியம்மாள் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவர் அவளுக்கென்று மீதியை இப்படித்தான் ஒதுக்கி வைப்பார்.

"மீதி உனக்குதான் அண்ணே," என்றாள் ஆயம்மாள்.

"நாய்க்குப் போடு."

அவர் சொல்லி முடிக்கும்போதே எழில்மதியின் தொண்டை மூடிக்கொண்டது. எச்சில் இறங்கவில்லை. மூச்சும் இறங்கவில்லை. சுவரைப் பிடித்தபடி சரிந்தாள். வயிறு கல்லாக இருந்தது. பிள்ளை அசையவில்லை. அறிவுச்செல்வன் அவளைத் தாங்கிக்கொண்டு, "அப்பா, குனிஞ்சி ஒரு வாய் சாப்புடுங்கப்பா," என்றான். அவன் அப்பாவிடம் எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை.

இருட்டிக்கொண்டு வந்த பார்வையில் அவள் மாமனாரைக் கண்டாள். அவர் அவள் முகத்தையும் வயிற்றையும் பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டினார். இலைமுன் சம்மணமிட்டு, முதுகு வளையாமல் உட்கார்ந்தார். ஒரு கவளம் எடுத்தார். விழுங்கினார்.

அவள் தொண்டை திறந்தது. மூச்சு வந்தது. ஆயம்மாள் புகட்டிய தண்ணீர் பதினோரு நாளுக்குப் பிறகு நெஞ்சு வழியே ஜில்லென்று இறங்கியது. உள்ளே பிள்ளை உதைத்தது. அவளுக்கு அழக்கூடச் சக்தியில்லை.

அவர் இரண்டாம் கவளம் எடுத்தார். மூன்றாவது. கை வேகமாகப் போய் வந்தது. இலை குறையவில்லை. எடுத்த இடத்தில் மறுபடி வறுவல் இருந்தது. கரண்டியால் பரிமாறும் சத்தம் கேட்டது. கரண்டி சமையலறையில் இருந்தது. அவர் இடதுகையைக் குறுக்கே நீட்டி, போதும் என்று இலையை மறைத்தார். கைக்கு அடியிலும் நிறைந்தது.

அவர் திரும்பவில்லை. வாய் நிறைந்த குரலில் சொன்னார்:

"கதவ சாத்துங்க. தெரு பாத்துக்கினு இருக்கும்."

மகன் சாத்தினான்.

ஆடியில் எழில்மதிக்குப் பெண் பிறந்தது. நல்ல எடை. அவள் இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது மட்டும் வடக்குச் சுவரில் சாயாமல் தள்ளி உட்காருகிறாள்.

மகனும் மருமகளும் பெரியவரை அறையில் பூட்டிவைத்துப் பட்டினி போடுகிறார்கள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது. அவர் பட்டினியாகவும் இல்லை. இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.