உப்புப் பார்க்கிற வேலை

அர்த்தநாரி மத்தியானம் என்ன சாப்பிட்டான் என்று கேட்பதற்கு ஐந்தாம் வகுப்பே காத்துக்கொண்டிருக்கும்.

"இன்னைக்கு எங்க ஊட்ல கத்திரிக்காய்க் குழம்பு. மேல நெய் மெதந்துச்சு" என்பான். "பத்தாததுக்கு அப்பளம் வேற."

கேட்கிறவர்களுக்கு எச்சில் ஊறும். அவர்கள் எல்லாரும் அப்போதுதான் பள்ளிக்கூடத்துக் கஞ்சியைக் குடித்துவிட்டு வந்தவர்கள்.

எலப்புள்ளிக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் மத்தியானக் கஞ்சி ஊற்றத் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கஞ்சியும் பாசிப்பயறும்தான். பிள்ளைகள் பலா இலையை மடித்து, ஈர்க்குச்சி குத்தி, அதையே கரண்டியாக்கிக் குடிப்பார்கள். கஞ்சி வந்த பிறகு வகுப்பில் தூங்கி விழுகிறவர்கள் குறைந்து போனார்கள். சின்னமுத்துவின் வாய்ப்புண் ஆறிவிட்டது. பாதி நாளில் ஓடிப்போகிறவர்கள்கூடச் சாயங்கால மணிவரை இருந்தார்கள்.

அர்த்தநாரி மட்டும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான். கஞ்சி தொடங்கிய அன்றே அவன் அப்பா ஆறுமுகசாமி வந்து வாத்தியாரிடம் சொல்லிவிட்டார். "எங்க பையனுக்கு வேண்டாமுங்க. இல்லாத ஊட்டுப் புள்ளைகளுக்கு ஊத்துங்க."

அப்போது அவர் கிணற்றில் தண்ணீர் இருந்தது. அதற்கப்புறம் மழை இல்லை. கிணறு வற்றியது, மாடுகளை விற்றார்கள். ஆறுமுகசாமி வேலை தேடிப் பொள்ளாச்சிப் பக்கம் போனவர், இன்னும் திரும்பவில்லை.

கொஞ்ச நாளாக அர்த்தநாரி மாறிப்போயிருந்தான். தொட்டதற்கெல்லாம் சண்டை. ஒரு நாள் பலகை இடித்ததற்காகச் சின்னமுத்துவைக் கீழே தள்ளிவிட்டான். வாய்ப்பாட்டில் புலியாக இருந்தவன், ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் அப்படியே தூங்கிப்போனான். கந்தப்பன் வாத்தியார் அவனைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தார்.

"மூக்குமுட்டத் தின்னா தூக்கம் வராம என்ன பண்ணும்?" என்றார். வகுப்பு சிரித்தது.

அதே வகுப்பில் படித்த ராமாத்தாளும் சிரித்தாள். மறுநாள் அதை நினைத்து அழ நேரும் என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் மத்தியானம் அவள் பலா இலை பறிக்க வாய்க்கால் பக்கம் போனாள். வாய்க்காலில் தண்ணீரே இல்லை. கரையில் இருந்த புளிய மரத்தடியில் அர்த்தநாரி உட்கார்ந்திருந்தான். புளியங்கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டு மென்றான். வீட்டுக்கு அவன் போகவே இல்லை. மணி அடித்ததும் எழுந்து, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனான்.

"இன்னைக்கு என்னடா சோறு?" என்று கேட்டான் சின்னமுத்து.

"மொளகு ரசம்" என்றான் அர்த்தநாரி.

ராமாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

யாரிடம் சொல்வது? வாத்தியாரிடம் சொன்னால் அவர் எல்லார் முன்னாலும் அவனைக் கஞ்சிக்குக் கூப்பிடுவார். அவன் செத்தாலும் வரமாட்டான். வராவிட்டால் என்ன ஆவான்? அவன் கை இப்போதே குச்சி மாதிரி இருந்தது.

ராமாத்தாளின் அம்மா முன்பு அர்த்தநாரி வீட்டு வயலில் நாற்று நட்டவள். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலையாட்களுக்குக் கஞ்சி போகுமுன், வீட்டு ஆள் ஒருவர் குடித்து உப்புப் பார்க்க வேண்டும். பார்க்காத கஞ்சி வயலுக்குப் போகாது. அது ராமாத்தாளுக்கு நினைவு வந்தது.

அவள் கஞ்சி காய்ச்சும் சின்னத்தாயியிடம் போனாள்.

"அக்கா, உங்க கஞ்சில ஒரு நாளைக்கு உப்புத் தூக்கலா இருக்குது. ஒரு நாளைக்கு உப்பே இல்லீங்க."

சின்னத்தாயி அகப்பையை ஓங்கினாள். "ஆருடி சொன்னது? இந்த நாக்கையெல்லாம் இழுத்து வெச்சு அறுத்தா என்ன?"

ராமாத்தாள் பின்னால் நகரவில்லை. கிட்டே போய், பார்த்ததையும் அந்த வீட்டின் உப்புப் பார்க்கிற வழக்கத்தையும் மெதுவாகச் சொன்னாள். சின்னத்தாயி அகப்பையைக் கீழே வைத்தாள்.

அடுத்த நாள் மத்தியானம், வெளியே கிளம்பிய அர்த்தநாரியை அவள் கூப்பிட்டாள்.

"ஏங்கண்ணு, எனக்கு உப்புச் சரியாத் தெரிய மாட்டேங்குது. உங்க ஊட்ல உப்புப் பாத்துப் பழக்கமாச்சே. இத ஒரு வாய் பாத்துச் சொல்லிட்டுப் போயேன்."

"நான் ஊட்டுக்குப் போய்ச் சாப்பிடறவனுங்க."

"சாப்பிடு, ஆரு வேண்டாங்கறா? உப்பு மட்டும் பாரு" என்றாள் ராமாத்தாள். பலா இலையை மடித்து ஈர்க்குச்சி குத்தி அவனிடம் நீட்டினாள்.

அவன் சின்னத்தாயியின் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் மொண்டு குடித்தான். சின்னத்தாயி கிண்ணத்தை நிரப்பினாள்.

"ஒரு வாயில என்ன தெரியும்? நல்லாப் பாரு."

இன்னொரு வாய் குடித்தான். பிறகு இலையைப் போட்டுவிட்டுக் கிண்ணத்தையே தூக்கிக் குடித்தான். பாதியில் சட்டென்று நிறுத்தினான்.

"என்ன கண்ணு, நல்லால்லியா?"

"நல்லா இருக்குதுங்க." அவன் தலையைத் தூக்கவில்லை. "உப்புப் பாக்கறதுல எங்கம்மாதானுங்க கெட்டி. மீதிய அவங்ககிட்டக் கொண்டு போய்க் காட்டட்டுங்களா?"

சின்னத்தாயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அந்த வீட்டில் அவன் அம்மாவும் பட்டினி என்பதை ராமாத்தாள் அதுவரை யோசிக்கவே இல்லை.

"நீ அதக் குடி" என்றாள் சின்னத்தாயி. "அம்மாவுக்கு வேற தர்றேன்."

தூக்குப்போசி நிறையக் கஞ்சியோடு அர்த்தநாரியும் ராமாத்தாளும் அவன் வீட்டுக்கு நடந்தார்கள். அவன் அம்மா சரஸ்வதியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. போசியைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது.

"இதென்ன?"

"உப்புப் பாத்துச் சொல்லோணுமாமுங்க" என்றாள் ராமாத்தாள் அவசரமாக. "அக்காவுக்கு நிதானம் தெரியலீங்களாம். நீங்க பாத்தாத்தான் சரியா இருக்குமாமுங்க."

சரஸ்வதியம்மாள் மகனைப் பார்த்தாள். அவன் உதட்டோரத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. அதை விரலால் துடைத்துவிட்டாள். பிறகு போசியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை.

வந்தபோது போசி கழுவிச் சுத்தமாக இருந்தது. கண்கள் சிவந்திருந்தன.

"உப்பு ஒரு கல்லு கம்மி, அம்மிணி" என்றாள். "நாளைக்கும் கொண்டா. பாத்துச் சொல்றேன்."

உப்புச் சரியாகத்தான் இருந்தது. ராமாத்தாளும் அதே கஞ்சியைத்தான் குடித்திருந்தாள். ஆனாலும் அவள் பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய்ச் சின்னத்தாயியிடம் மூச்சிரைத்தபடி சொன்னாள்.

"கம்மியாமுங்க அக்கா! நாளைக்கும் பாக்கோணுமாமுங்க!"