மேனாம்பேட்டு ஏரியின் பழைய குரல்

சனிக்கிழமை காலை காட்டுப்பாக்கத்தில் மைதிலியின் வீட்டுக்கு வந்த காவ்யா, செருப்பைக் கழற்ற மறந்து நேராக உள்ளே வந்துவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் காலைப் பார்த்துப் பதறினாள்.

“இருக்கட்டும். உங்கம்மா போன்ல சொன்னா. உன்னைத் திருடின்னுட்டாங்களாமே?” என்றார் மைதிலி.

“திருடி இல்ல ஆன்ட்டி. பித்தலாட்டக்காரின்னுட்டாங்க.”

மைதிலி, ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெரிந்தவர்கள் தங்கள் சிக்கல்களை அவரிடம் கொண்டுவருவது வழக்கம். சிக்கல் வந்த வாசனை பிடித்ததுபோல் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் டில்லிபாபுவும் வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

காவ்யா வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் சூழலியல் ஆராய்ச்சி மாணவி. அங்கே வெள்ளிக்கிழமைதோறும் மதியம் ஆய்வுக் கருத்தரங்கு நடக்கும். அதைத் தொடங்கிவைத்த பேராசிரியர் வீராசாமி இப்போது உயிரோடு இல்லை. தொண்ணூறுகளில் மேனாம்பேட்டு ஏரிக்கரையில் தவளைகளின் குரலை அவர் பதிவு செய்த கேசட் ஒன்று மட்டும் துறையில் மிஞ்சியிருந்தது.

“வண்டி இரைச்சலை மீறிக் கேக்கணும்னு தவளைங்க இப்போ குரலோட சுருதியை உயர்த்தி இருக்கு. இதான் என் ஆய்வு. பழைய கேசட்டை ரெண்டு மாசம் முன்னாடி கம்ப்யூட்டர்ல ஏத்தி, இப்போ நான் பதிவு பண்ணதோட ஒப்பிட்டேன். நேத்து கருத்தரங்குல அதைச் சொன்னேன். துறைத்தலைவர் கலைவாணி மேடம், அசல் கேசட்டையே போட்டுக் காட்டச் சொன்னாங்க. என்கூட ஆராய்ச்சி பண்ற ஜெகதீஷ் போய் மேடம் ரூம்ல இருந்து டேப் ரெக்கார்டரை எடுத்துட்டு வந்தான். கம்ப்யூட்டர்ல ஏத்தினப்போ நான் எடுத்த அதே டேப் ரெக்கார்டர்தான். போட்டா, தவளைக் குரல் இன்னிக்கு இருக்கிற மாதிரியே கீச்சுன்னு வருது!”

“பழைய பதிவோட சுருதியை நீயே கம்ப்யூட்டர்ல தாழ்த்திட்டேன்னு சொல்றாங்களா?” என்றார் மைதிலி.

“ஆமா. கேசட் ஆரம்பத்துல வீராசாமி சார் இடத்தோட பேரைச் சொல்வார். அந்தக் குரலும் நேத்து மெலிசா கேட்டுது. அதைச் சொன்னேன். மேடம், ‘அவர் குரல் எனக்குத் தெரியும், அப்படியே இருக்கு’ன்னுட்டாங்க. அவர் பேசிக் கேட்டவங்க அந்த ரூம்ல அவங்க மட்டும்தான். திங்கட்கிழமை முடிவு சொல்வாங்க.”

“அந்த ஜெகதீஷ் பையன்தான் எக்கா!” என்றார் டில்லிபாபு. “டேப்ப தூக்கினு வந்தவன் அவன்தானே?”

மைதிலி காவ்யாவின் மடிக்கணினியில் பழைய பதிவைக் கேட்டார். வீராசாமியின் கனத்த குரல். பிறகு தவளைகள். தூரத்தில் ஒரு மணி. “டார்ச்சை அணைம்மா, அதுங்க பேசட்டும்” என்றது அதே குரல். யாரோ ஒரு பெண் சிரித்தாள்.

“நேத்து இந்தச் சிரிப்பு வந்துதா?”

“அதுக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்க. மணி வரைக்கும்தான் ஓடுச்சு.”

“டில்லி, வண்டியை எடு. மேனாம்பேடு போகணும்.”

ஏரிக்கரையை வீடுகள் நெருக்கிக்கொண்டிருந்தன. அம்மன் கோயில் மட்டும் அதே இடத்தில் இருந்தது. வாசலில் தொங்கிய பெரிய மணியின் விளிம்பில், கொடுத்தவர் பெயரும் ‘1962’ என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தன. டில்லிபாபு கயிற்றை இழுக்க, காவ்யா அந்த ஓசையைப் பதிந்தாள். மடிக்கணினியில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவள், வாயைப் பொத்திக்கொண்டாள். பழைய பதிவில் கேட்ட மணியும் இந்த மணியும் ஒரே சுருதியில் இருந்தன.

திங்கட்கிழமை கருத்தரங்கு அறையில் கலைவாணி, ஜெகதீஷ், இன்னும் சில ஆசிரியர்கள் இருந்தார்கள். மேசைமேல் அதே டேப் ரெக்கார்டர் இருந்தது. காவ்யாவோடும் டில்லிபாபுவோடும் வந்த மைதிலி, கோயில் மணி ஓசையை ஒலிக்கவிட்டார்.

“தவளை மாறலாம், மனுஷன் குரல் மறந்துபோகலாம். வெண்கல மணி சுருதி மாறாது. காவ்யாவோட பதிவுல மணி சரியா இருக்கு. அப்போ வெள்ளிக்கிழமை தப்பா ஓடினது இந்த டேப் ரெக்கார்டர்.”

“பழசு மேடம். கோளாறா இருக்கும்,” என்றான் ஜெகதீஷ்.

“பழசானா பெல்ட் தளர்ந்து மெதுவா ஓடும். இது வேகமா ஓடியிருக்கு, அதான் எல்லாக் குரலும் கீச்சுன்னு வந்திருக்கு. மோட்டார்ல வேகத்தைக் கூட்டுற திருகாணி ஒண்ணு உண்டு. யாரோ அதைத் திருப்பியிருக்காங்க.” அவர் ஜெகதீஷைப் பார்த்தார். “உனக்கு வீராசாமி குரல் தெரியாது. அது மெலிஞ்சிருந்தா உனக்குப் புரிஞ்சிருக்காது. ஆனா தெரிஞ்ச ஒருத்தர், ‘அப்படியே இருக்கு’ன்னு சாட்சி சொன்னாங்க. இது யார் ரூம்ல இருந்துதோ, அசலைப் போடுன்னு யார் கேட்டாங்களோ, அவங்களே.”

டில்லிபாபு கேசட்டை ஓடவிட்டு, சின்ன ஸ்குரூ டிரைவரால் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். கேசட்டின் மணி கோயில் மணியோடு சேர்ந்ததும் திருப்புவதை நிறுத்தினார். தவளைகள் ஒலித்தன. “டார்ச்சை அணைம்மா, அதுங்க பேசட்டும்.” அந்தக் கனத்த குரல் அறை முழுக்க நிறைந்தது. பிறகு அந்தச் சிரிப்பு.

“அது நான்,” என்றார் கலைவாணி.

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “முட்டளவு தண்ணியில நின்னுட்டிருந்தோம். இரைச்சலுக்காகத் தவளை குரலை மாத்தாதுன்னு அப்புறம் நான்தான் எழுதினேன். மாத்தும்னு அவர் சொல்வார். இந்த ரூம்லயே எல்லார் முன்னாடியும் கத்திச் சண்டை போடுவோம். முடிஞ்சதும் காலேஜ் கேட்டுக்கு எதிரே டீக்கடையில ஒரே பஜ்ஜியைப் பிச்சுத் தின்போம். அவர் போனதுக்கு அப்புறம் என்கிட்ட சண்டை போட ஆள் இல்ல. நான் எழுதினதையே எல்லாரும் தலையாட்டிக் கேட்டாங்க. எனக்கும் அது பழகிப்போச்சு. காவ்யா, திருகாணியைத் திருப்பினது நான்தான்.”

காவ்யா அவரைப் பார்க்கவில்லை. “என்கிட்ட கேட்டிருக்கலாமே மேடம். நானே சண்டை போட்டிருப்பேன்,” என்றாள். அழுகையும் கோபமுமாக வெளியே போய்விட்டாள்.

நடந்ததை நிர்வாகத்துக்குத் தானே எழுதிக்கொடுத்து, கலைவாணி துறைத்தலைவர் பதவியிலிருந்து விலகினார். வெள்ளிக்கிழமை காவ்யா மறுபடியும் பேசினாள். மைதிலியும் டில்லிபாபுவும் கேட்க வந்திருந்தார்கள். பேச்சு முடிந்ததும் கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. கலைவாணி எழுந்தார்.

“வெயில் ஏறினாலும் தவளைக் குரல் உயரும். இது இரைச்சலாலதான்னு எப்படிச் சொல்றே?”

காவ்யா அவரை நேருக்கு நேர் பார்த்தாள். பிறகு மேசையிலிருந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். அவள் ஒன்று சொல்ல, அவர் மறுக்க, நடுவில் ஜெகதீஷும் புகுந்தான். மணி ஐந்தைத் தாண்டியும் யாரும் எழுந்திருக்கவில்லை.

“இன்னா எக்கா, மறுபடியும் சண்ட போட்டுகினு கீறாங்கோ?” என்று டில்லிபாபு கவலையாகக் கிசுகிசுத்தார்.

“போடட்டும்,” என்றார் மைதிலி. “இந்த ரூமைக் கட்டினதே அதுக்குத்தான்.”