கலங்கலில் நின்றவள்

சர்ச்சில் பூசை முடிந்ததும் திண்டுக்கல்லில் இருக்கும் தன் ஸ்டுடியோவுக்குப் போய் கேமராவையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு, வடமதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் மாமனார் வீட்டுக்கு டோனி வந்து சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் ஏஞ்சலினுக்கு அன்று புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைக் கவுனும் வெள்ளை முக்காடுமாக, தேவதூதர் போலச் சம்மனசு வேடத்தில் இருந்தவள் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க மாப்ள. ஊரான் கல்யாணத்துக்குன்னா விடியமுன்ன போய் நிப்பீங்க. சொந்தப் பிள்ள விசேஷத்துக்கு இம்புட்டு நேரமா?” என்றான் பிரிட்டோ. டோனியின் செத்துப்போன பெண்டாட்டி நான்சியின் அண்ணன் அவன்.

“பெரிய லென்ஸ ஸ்டுடியோவுல வச்சுட்டேன் மச்சான், அத எடுத்துட்டு வர நேரமாயிருச்சு. செத்த நேரம் வெளிச்சம் இருக்கையில பாப்பாவ தோப்புல நிப்பாட்டி எடுத்துட்டு வாரேன்.”

அந்த லென்ஸ் மேல் டோனிக்கு ஒரு கிறுக்கு. அதன் கண்ணை முழுசாகத் திறந்து வைத்தால் முன்னால் நிற்கிறவரின் முகம் மட்டும் தெளிவாக விழும். அதுவும் விரற்கடை ஆழத்துக்குத்தான். இமை தெளிவாக இருந்தால் காது கலங்கிவிடும். பின்னால் இருக்கிற மரம், சுவர், சனம் எல்லாம் வெறும் நிறமாகக் கரைந்துபோகும். கண்ணைச் சுருக்கினால் கடைசி வேலி வரைக்கும் அத்தனையும் தெளிவு. டோனி சுருக்கவே மாட்டான். ‘பின்னாடி பிளர் ஆகணும், அப்பத்தான் படம்’ என்பான்.

அந்தப் பின்னாடியில்தான் நான்சி நின்றாள். பிள்ளைக்குப் பால் பல் விழுந்த படம், பள்ளிக்கூட ஆண்டுவிழாப் படம், எதை எடுத்தாலும் பிள்ளைக்குப் பின்னால் ரோஸ் நிறத்திலோ பச்சையிலோ ஒரு கலங்கல் தெரியும். அதுதான் அவள். அவளைத் தனியாக எடுக்கப் போனால் கையால் முகத்தை மறைத்துக்கொள்வாள். கல்யாண ஆல்பமும் ஓட்டு ஒழுகலில் நனைந்து ஒட்டிப்போயிருந்தது. போன வருஷம் மஞ்சள்காமாலையில் அவள் போய்ச் சேர்ந்தபோது, அஞ்சலி பேனருக்கு ஆதார் அட்டையில் இருந்த முகத்தைத்தான் பெரிதாக்கினார்கள். அவளுக்கே அது யார் என்று தெரிந்திருக்காது. ஊர் முகத்தையெல்லாம் அழகாக எடுத்தவனிடம் பெண்டாட்டி முகம் தெளிவாக ஒன்றுகூட இல்லை. அதை நினைக்காமல் அவன் ஒரு நாளும் தூங்கியதில்லை. ஒரே ஒரு தடவை, அந்த முகத்தைத் தெளிவாகப் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தான்.

தென்னந்தோப்பில் வெயில் சாய்ந்திருந்தது. ஏஞ்சலினை ஒரு மரத்தடியில் நிறுத்தி, லென்ஸை முழுசாகத் திறந்து எடுத்தான்.

படத்தில், தூரத்து மரங்களுக்கு நடுவே ரோஸ் நிறத்தில் ஒரு கலங்கல்.

டோனி தலையை உயர்த்திப் பார்த்தான். தோப்பில் ஆளே இல்லை. காய்ந்த மட்டை ஒன்று காற்றில் உரசிக்கொண்டிருந்தது. லென்ஸைத் துடைத்து, கண்ணைச் சுருக்கி எடுத்தான். வேலிக்கம்பி வரைக்கும் தெளிவாக விழுந்தது. ஒருவரும் இல்லை.

மறுபடி திறந்தான்.

கலங்கல் இரண்டு மரம் கிட்டே வந்திருந்தது.

தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இடுப்பில் கையை ஊன்றி நிற்கிற நிற்பு. அதை அவன் எத்தனை படங்களில் பார்த்திருக்கிறான்! ஃபோகஸை மகளிடமிருந்து நகர்த்தி அந்த உருவத்துக்குக் கொண்டுபோனான். தெளிவு கிட்டப் போகப் போக உருவம் மெலிந்து, தென்னை மட்டும் மிஞ்சியது. மகள்மேல் திருப்பியதும் மீண்டும் வந்து நின்றது. தேடிப்போனால் கிடைக்க மாட்டாள். அவளாகத்தான் வர வேண்டும்.

“இன்னொன்னு பாப்பா. அசையாத.”

வந்தாள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மரம் கிட்டே வந்தாள். முன்பு அவள் பூசுகிற பவுடர் வாசம் வந்தது. டோனிக்குப் பயமே இல்லை, அழுகைதான் முட்டியது. மகளின் பக்கத்தில் வந்து நின்றுவிட்டால் அவளும் அந்த விரற்கடைத் தெளிவுக்குள் வந்துவிடுவாள். முகம் கிடைத்துவிடும்.

“அப்பா, குளுருதுப்பா.”

“ஒண்ணே ஒண்ணுடா.”

அந்தப் படத்தில் கலங்கல் பிள்ளையின் தோளில் கை வைத்திருந்தது.

கை பட்ட தோள் தெளிவாக இல்லை.

பெரிதாக்கிப் பார்த்தான். கண்ணும் மூக்கும் கூர்மையாக இருந்தன. அதே தூரத்தில் இருந்த தோள் தண்ணீரில் நனைந்த சாயம் போலக் கரைந்திருந்தது. எந்த லென்ஸும் அப்படிச் செய்யாது. அடுத்த படத்தில் கழுத்தும் கன்னமும் போயிருந்தன.

“எனக்குக் காலு தரையில இல்லாத மாதிரி இருக்குப்பா.” பிள்ளையின் குரல் தோப்பின் அந்தக் கோடியிலிருந்து வருவதுபோலக் கேட்டது.

நான்சி கெடுதல் செய்ய வரவில்லை. அது அவனுக்குத் தெரியும். மகளுடைய விசேஷத்துக்கு ஆசையாக வந்தவள். ஆனால் அவள் தொட்டதெல்லாம் அவள் இருக்கிற பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

விரல் பொத்தானின் மேல் இருந்தது. இன்னும் ஒரு தடவை அமுக்கினால் அந்த முகம் தெளிவாக விழும். அவன் சாகும் வரைக்கும் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

“நான்சி,” என்று கிசுகிசுத்தான். “பிள்ளய விட்ரு. நான் உன்னய நல்லாப் பாக்கவே இல்ல. தப்புத்தான். பிள்ளய விட்ரு.”

லென்ஸின் கண்ணைக் கடைசி வரைக்கும் சுருக்கி எடுத்தான்.

தோப்பு முழுவதும் ஓலை ஓலையாகத் தெளிவாக விழுந்தது. நடுவில் ஏஞ்சலின், தலை முதல் கால் வரைக்கும் முழுசாக நின்றாள். பின்னால் ஒருவருமில்லை. பவுடர் வாசமும் போய்விட்டது. டோனி மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். பெண்டாட்டியை இரண்டாம் முறை அடக்கம் செய்ததுபோல இருந்தது அவனுக்கு.

பிள்ளை ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சத்தம் கேட்டு பிரிட்டோவும் வந்தான்; தங்கச்சி நினைப்பில் அழுகிறான் என்று நினைத்துக்கொண்டான்.

“அழுவாதீங்க மாப்ள. நல்ல நாளும் அதுவுமா... அப்பனும் மகளும் சேந்து உக்காருங்க, நான் செல்லுல ஒண்ணு எடுக்கேன்.”

இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். பிரிட்டோ எடுத்தான். திரையைப் பார்த்துவிட்டு மறுபடி எடுத்தான். முகம் சுருங்கியது.

“என்னன்னு தெரியல மாப்ள,” என்று செல்லை நீட்டினான். “பாப்பா பளிச்சுன்னு இருக்கா. பக்கத்துல நீங்க மட்டும் கலங்கிக் கெடக்கீங்க.”