பாதி டாக்டர் போட்ட கையெழுத்து

"அய்யய்யோ... டாக்டரம்மா!"

ஆயா அங்காளம்மாவின் அலறல் ராணுவ முகாம் ஆஸ்பத்திரியின் மூன்றாம் வார்டையே உலுக்கியது.

பயிற்சி டாக்டர் லெப்டினென்ட் தையல்நாயகி ஓடினாள்.

கட்டிலில் துளசிங்கம். மருந்து ஸ்டோர் கிளார்க். சாதாரண ஜுரம் என்று நேற்று வந்து படுத்தவன்.

நாடி... இல்லை.

மணியைப் பார்த்தாள். காலை பத்தே கால். கேஸ் ஷீட்டில் எழுதினாள். ஒரு வருடப் பயிற்சியில் பதினேழாவது சாவு. முதல் சாவுக்கு அழுதிருக்கிறாள். இப்போது உள்ளே எதுவும் அசையவில்லை.

இடது முழங்கை மடிப்பில் புதிதாக ஓர் ஊசித் தடம்!

கேஸ் ஷீட்டில் ஊசியே கிடையாது.

"ஆயா... யார் ஊசி போட்டது?"

அங்காளம்மா குரலைத் தாழ்த்தினாள். "மேஜர் அய்யாதாம்மா. வந்தாரு, போட்டாரு, பூட்டாரு. மருந்து பாட்லு குப்பைத் தொட்டிலதான் கீது. நான் சொன்னேன்னு சொல்லாதம்மா, பேஜாராய்டும்!"

தையல்நாயகி குனிந்து எடுத்தாள். பொட்டாசியம் குளோரைடு, காலி பாட்டில். இதயத்தை அப்படியே நிறுத்தும் அளவு.

கோட் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மேஜர் ராஜகோபாலனின் அறை. மேஜைமேல் அவளுடைய பயிற்சி நிறைவுச் சான்றிதழ். அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அது விழுந்தால் மெடிக்கல் கவுன்சிலில் நிரந்தரப் பதிவு. தோளில் மூன்றாவது நட்சத்திரம். அனகாபுத்தூரில் அவள் தெருவில் பத்தாவது தாண்டிய முதல் ஆளுக்கு டாக்டர் லைசென்ஸ்!

"வாம்மா, பாதி டாக்டர்!"

ஒரு வருடமாக அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"துளசிங்கம் இறந்துட்டார் சார்."

"ஹார்ட் அட்டாக். டெத் சர்டிஃபிகேட்ல நீ கையெழுத்துப் போடு."

"நீங்க போடலையா சார்?"

"ஸ்டோர்ல மருந்து திருட்டுப் போகுதுன்னு என்மேல புகார் எழுதினவன் அவன். நான் போட்டா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. பிணம் மறைமலை நகர்ல அவன் வீட்டுக்குப் போகணும். நகராட்சியில சாயங்காலத்துக்குள்ள பதிஞ்சு எரிச்சுடட்டும்."

"மாட்டேன்னு சொன்னா..?"

அவர் சிரித்தார். "இன்னும் ஆறு மாசம் பயிற்சி. அப்புறம் இன்னும் ஆறு மாசம். இங்க தோள்ல இருக்கற நட்சத்திரம்தான்மா பேசும். உன்னோடது ரெண்டு. என்னோடது வேற!"

காறித் துப்பலாம் போலிருந்தது. துப்பவில்லை.

"முதல்ல என்னோடதுல போடுங்க சார்."

"அட... வியாபாரம் தெரிஞ்ச பொண்ணு!"

போட்டார். முத்திரையும் குத்தினார். "இனி நீ முழு டாக்டர், உன் கையெழுத்து செல்லும்!"

"சாவுக்குக் காரணத்தையும் நீங்களே எழுதிடுங்க சார். நீங்க எழுதினா சரியா இருக்கும்."

எழுதினார். அவர் கையாலேயே... ஹார்ட் அட்டாக்!

தையல்நாயகி கீழே கையெழுத்திட்டாள். பெயர், பதவி, கவுன்சில் பதிவு எண். மேஜர் அவளுடைய ராங்க்கை மட்டும் பார்த்துவிட்டு மடித்து நகராட்சிக்கு அனுப்பினார்.

பிற்பகல் மூன்று மணி. தையல்நாயகி மீண்டும் மேஜரின் அறையில் இருந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜீவரத்தினம் வந்தார். பின்னால் இரண்டு மிலிட்டரி போலீஸ்.

"இந்த சர்டிஃபிகேட்டை நகராட்சி கிளார்க் வாங்க மாட்டேன்னுட்டான் மேஜர். இது தற்காலிகப் பதிவு எண்ணாம். பயிற்சி டாக்டர் தனியா சாவைச் சான்று பண்ண முடியாது. பாடி போஸ்ட்மார்ட்டத்துக்குப் போயிருக்கு. உங்க மேல புகார் எழுதினவர்னு தெரிஞ்சதும் உங்க கமாண்டர்கிட்டயும் பேசிட்டோம்."

மேஜர் தையல்நாயகி பக்கம் திரும்பினார். "என்னை ஏமாத்திட்டியா?"

"நீங்கதானே சார் வருஷம் பூரா சொன்னீங்க, நான் பாதி டாக்டர்னு. பாதி டாக்டர் கையெழுத்து எப்படி சார் செல்லும்?"

பாட்டிலை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். "காரணம் எழுதினது அவர் கை. ஊசி போட்டதும் அவர் கை. நான் கையெழுத்துப் போட அவர் கொடுத்த கூலி இந்தச் சான்றிதழ்."

மிலிட்டரி போலீஸ் மேஜரை அழைத்துப் போனது.

ஜீவரத்தினம் தயங்கினார். அவள் கையிலிருந்த நிறைவுச் சான்றிதழைச் சுட்டிக்காட்டினார்.

"அது உங்களுக்குக் கொடுத்த லஞ்சம்மா. கேஸ் முடியற வரைக்கும் எங்ககிட்டதான் இருக்கணும்."

தையல்நாயகி அதை ஒரு நிமிடம் பார்த்தாள். வெளியே தாம்பரம் ரயில் கூவிக்கொண்டு போனது. அழுகை வருமா என்று காத்திருந்தாள்.

வரவில்லை.

நீட்டினாள். "எடுத்துக்குங்க சார். பாதி டாக்டரா இருக்கும்போதே ஒரு மேஜர் காலி... முழு டாக்டர் ஆனா முகாமே காலியாயிடும்!"