ஏணிக்கு ஒரு கை

டொக். டொக். டொக்.

வெளிச்சுவரில் இறங்கும் மழைத்தண்ணீர்க் குழாயை யாரோ மூன்று தரம் தட்டினார்கள். தையல்காரரின் கால் மிதியில் அப்படியே நின்றது. ஊசி துணிக்குள் பாதி இறங்கிக் கிடந்தது.

மதியம் மூன்று மணிதான். ஆனால் மழை வானத்தை மூடியிருந்ததால் கடைக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஈரச் சுண்ணாம்பின் வாடை, இஸ்திரிப் பெட்டியின் சூட்டையும் தாண்டி மூக்கில் ஏறியது.

"கேட்டுச்சா?" என்றார், கையால் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவியிடம்.

"மழைதான் கேக்குது."

அந்தத் தட்டல் பதினெட்டு வருஷப் பழக்கம். இவர் கூரையும் பக்கத்து வீட்டுக் கடிகாரக்காரர் கூரையும் சரிந்து சேரும் இடத்தில் ஒரே தகர வாய்க்கால். அதிலிருந்து இறங்கும் குழாயும் ஒன்றுதான், இவர் பக்கத்துச் சுவரில். சருகு அடைத்தால் கடிகாரக்காரர் வந்து மூன்று தட்டு தட்டுவார். இவர் போய் ஏணியைப் பிடிப்பார். அவர் ஏறுவார்.

போன மழைக்காலத்தில் குழாய் வழிந்து, வெட்டி வைத்த துணியெல்லாம் பாழாயின.

"உங்க கூரைத் தண்ணி என் கடையில குடித்தனம் நடத்துதுண்ணே!"

"மழைகிட்ட போய்ச் சொல்லு தம்பி. அது என்ன எனக்குச் சொந்தக்காரனா?"

கடிகாரக்காரர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்புதான் இவருக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று சாயங்காலமே யாருக்கும் தெரியாமல் ஏறி, அவர் பக்கத்துத் தண்ணீர் இந்தப் பக்கம் வராதபடி, வெட்டி மிஞ்சிய நீலச் சீருடைத் துணியை உருட்டி வாய்க்காலில் திணித்தார். தண்ணீர் தேங்கிப் பக்கத்து வீட்டுக்குள் இறங்கியது. மூன்றாம் நாள், கொட்டுகிற மழையில், கடிகாரக்காரர் தனியாக ஏறினார். விழுந்தார். அதோடு உயிர் போயிற்று.

'மிஷின் சத்தத்துல எதுவும் காதுல விழலையே!' வந்தவர்களிடமெல்லாம் அதைத்தான் சொன்னார். மனைவியிடமும். பாவி மிஷின் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதவள், அன்றிலிருந்து அதைத் தொடுவதில்லை. எல்லாம் கைத்தையல்தான்.

"சுவரைப் பாருங்க, ஈரம் ஆளுயரத்துக்கு ஏறிடுச்சு" என்றாள் இப்போது. "அந்த வீடு பூட்டிக் கிடக்கு, மேல என்ன அடைச்சிருக்கோ. நாளைக்குக் குழாய்க்காரரை வரச் சொல்லியிருக்கேன்."

"எதுக்கு? நானே பாத்துக்கறேன்."

"இந்த மழையிலயா? உங்களுக்கென்ன பைத்தியமா?"

குழாய்க்காரர் கையில் அந்த நீலத் துணி சிக்கினால், தெருவுக்கே தெரிய வேண்டாம், இவள் ஒருத்திக்குத் தெரிந்தால் போதும். அப்புறம் எந்த முகத்தோடு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவது?

டொக். டொக். டொக்.

வெளியே வந்து பார்த்தார்; குழாய் இறங்கும் சந்துக்குள் யாருமில்லை. குழாயடியில் தண்ணீர் மட்டும் சுழித்துக்கொண்டிருந்தது. ஏணியைச் சார்த்தி ஏறினார். படிகள் வழுக்கின. மேலே வாய்க்கால் நிறையக் கறுத்த தண்ணீர், அழுகிய சருகின் நாற்றம். முழங்கை வரை விட்டுத் துழாவினார். துணி கிடைத்தது. இழுத்தார். வரவில்லை. மறுமுனையை யாரோ பிடித்திருப்பதுபோல் இருந்தது. இன்னும் பலமாக இழுத்தார்.

ஏணி சறுக்கியது. ஒரு சாண்.

"இந்தாம்மா! இங்க வா! ஏணியைப் பிடி!"

பதில் இல்லை.

"உன்னைத்தான்! சீக்கிரம் வா!"

கடைக்குள் மிஷின் ஓடத் தொடங்கியது. கடகடவென்று. நிற்காமல்.

அவள்தான் அதைத் தொடுவதே இல்லையே.

இன்னொரு சாண். வாய்க்கால் விளிம்பைப் பிடித்தார். தகரம் உள்ளங்கையைக் கிழித்தது. மூன்றாம் முறை கத்தினார்.

மிஷின் நின்றது.

ஏணியும் நின்றது. அசையாமல். கீழே யாரோ அழுத்திப் பிடித்ததுபோல. மழை வாடைக்கு நடுவே கடிகார எண்ணெயின் மெல்லிய மணம்.

மெல்லக் குனிந்து பார்த்தார். கடைசிப் படியில் இரண்டு கைகள். தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள்.

"நல்லாப் பிடிச்சிருக்கேன் தம்பி, பயப்படாதே. அன்னைக்கு நான் கூப்பிட்டப்பவும் உன் மிஷின் இப்படித்தான் நின்னுச்சு."