‘சரி’யை அழுத்தாதீர்கள்

குளிர் கிடங்கின் முதலாளி, ஐஸ்கிரீம் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தவாக்கில் செத்துப்போயிருந்தார்.

மைனஸ் இருபத்தைந்து டிகிரி. ஏற்கெனவே பைபாஸ் பார்த்த இதயம். காலை ரவுண்டுக்கு உள்ளே போனவர் வெளியே வருவதற்குள் கதவு பூட்டிக்கொண்டது. உள்பக்கக் கைப்பிடி ஒரு வாரமாகவே கழன்று கிடந்தது.

பூட்டும் உத்தரவு போனது மாடியிலிருக்கும் கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரிலிருந்து. அதன் முன்னால் உட்காருகிறவன் ஒருத்தன்தான்.

அவனுடைய அக்கா மூச்சிரைக்க மாடியேறி வந்தபோது, தம்பியின் கையில் விலங்கு மாட்டியிருந்தது.

கதவுக்கான புரோகிராமை எழுதியவள் அவள். தம்பிக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவளே.

“அக்கா... நான் பூட்டற பட்டனைத் தொடவே இல்ல. காபி குடிக்கப் போயிருந்தேன்.”

“யாராவது பாத்தாங்களா?”

“யாரும் பாக்கல” என்றார் இன்ஸ்பெக்டர். “ஆனா நேத்து முதலாளி இவனைத் திட்டினதை மட்டும் எல்லாரும் பாத்திருக்காங்க.”

அவள் திரையைப் பார்த்தாள். நடுவில் ஒரு சின்னப் பெட்டி. ‘கதவு பூட்டப்பட்டது.’ கீழே ஒரே ஒரு பட்டன்... ‘சரி’.

“இது எப்ப வந்துச்சு?”

“நான் திரும்பி வரும்போதே இருந்துச்சுக்கா. கீழ கதவுகிட்ட இருக்கற சுவிட்சுல பூட்டினாலும் இதேதானே வரும்? முதலாளி பூட்டிட்டுக் கிளம்பிட்டார்னு நெனச்சேன்.”

“அப்ப ‘சரி’யை அழுத்த வேண்டியதுதானே?”

“அப்புறம் அழுத்திக்கலாம்னு...”

இதே விஷயத்துக்காக அவனை எத்தனை முறை கரித்துக்கொட்டியிருக்கிறாள்! எருமை மாடு.

ஜன்னலோரம் நின்றிருந்த முதலாளியின் மாப்பிள்ளை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். கைக்குட்டை நனையவில்லை.

“அந்தப் பெட்டியை மூடுங்க சார். மாமா உள்ள மாட்டின செய்தி அது. பாக்கவே மனசு தாங்கல.”

“அதுவும் சரிதான்” என்ற இன்ஸ்பெக்டர், மவுசை நகர்த்தினார். அம்புக்குறி ‘சரி’யின் மேல் போய் நின்றது.

“கையை எடுங்க சார்” என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

“தம்பி பட்டனைத் தொடலன்னா, இன்னொரு புரோகிராம் என் புரோகிராமுக்குச் செய்தி அனுப்பியிருக்கணும். ‘பட்டனை அழுத்திட்டாங்க, பூட்டு’ன்னு. கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு ‘விண்டோ’, ஒரு ஜன்னல் உண்டு. ஒரு ஜன்னல் இன்னொரு ஜன்னலுக்குச் செய்தி அனுப்ப ரெண்டு வழி இருக்கு சார். தபால்பெட்டியில போடற மாதிரி போட்டுட்டுத் தன் வேலையைப் பாக்கப் போயிடலாம். இல்லன்னா, வாசல்லயே நின்னு பதில் வாங்கிட்டுப் போகலாம்.”

“புரியுது... மாதிரி இருக்கு.”

“யாராவது ‘சரி’ அழுத்தற வரைக்கும் என் புரோகிராம் பதில் சொல்லாது. நான் அப்படித்தான் எழுதியிருக்கேன். அனுப்பினவர் போட்டுட்டுப் போற வகையா இருந்தா தப்பிச்சிருப்பார். பதிலுக்கு நிக்கற வகையா இருந்தா...”

அவள் கீபோர்டை மட்டும் இழுத்துக்கொண்டாள். மறைந்திருக்கும் ஜன்னல்களையும் பட்டியல் போடும் கருவி ஒன்றைத் திறந்தாள்.

“...இன்னும் வாசல்லயே நிக்கணும்.”

நின்றது.

அவள் இந்தக் கம்ப்யூட்டரில் போடாத ஒரு புரோகிராம். திரையில் தெரியாத ஜன்னல். பதில் வராமல் அப்படியே உறைந்து கிடந்தது, கீழே முதலாளியைப் போலவே.

“பதில் வந்தா என்ன ஆகும்?” இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“அடுத்த வேலைக்குப் போகும். தன்னையே அழிச்சுக்கற வேலையாத்தான் இருக்கணும். அதான் சிலருக்கு ‘சரி’ மேல அவ்வளவு அவசரம்.”

மாப்பிள்ளையின் கைக்குட்டை இப்போது நெற்றிக்குப் போயிருந்தது. இந்த முறை நனைந்தது.

“எவன் வேணா வெச்சிருக்கலாம்” என்றார் வறண்ட குரலில். “அதுல என்ன பேரா எழுதியிருக்கு?”

“எழுதியிருக்கு சார். புது ஜன்னல் செய்யறப்ப யாரும் முதல்லேர்ந்து எழுத மாட்டோம். பழசைக் காப்பியடிச்சு மாத்துவோம். மறைஞ்ச ஜன்னலோட தலைப்பை எவன் பாக்கப் போறான்னு நீங்க மாத்தாம விட்டுட்டீங்க.”

இன்ஸ்பெக்டர் குனிந்து உரக்கப் படித்தார்.

“‘மாப்பிள்ளை டிராவல்ஸ், கார் புக்கிங்’.”

மாப்பிள்ளை தன் டிராவல்ஸுக்குத் தானே புரோகிராம் எழுதிக்கொண்டது அந்தக் கிடங்கில் எல்லாருக்கும் தெரியும்.

“பதினோரு வருஷம்...” மாப்பிள்ளை நாற்காலியில் சரிந்தார். “வீட்டோட மாப்பிள்ளைன்னா நாயை விடக் கேவலமா? டிரைவர் முன்னால ‘டேய்’னு கூப்பிடுவார். பேரக் குழந்தைங்க முன்னால கூட.”

“ஏன் சார் போட்டுட்டுப் போற வகையில அனுப்பல?” அவளுக்கு உண்மையிலேயே அது உறுத்தியது.

“கதவு நிஜமாவே பூட்டிடுச்சான்னு தெரிஞ்சுக்காம எப்படி அழிக்கறது?”

கவனமான ஆள். கவனம்தான் காட்டிக்கொடுத்தது.

விலங்கு கை மாறியது. தம்பி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அவளை ஒட்டி வந்து நின்றான். அவள் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

வாசல்வரை போன மாப்பிள்ளை திரும்பினார்.

“என் பொண்டாட்டிக்கு ஒரு மெசேஜ் அனுப்பணும்.”

“தாராளமா அனுப்புங்க சார்” என்றாள் அவள். “ஆனா இந்தத் தடவை பதிலுக்கு நிக்காதீங்க.”