ஒட்டுப்படம் காயும் வரை

நாற்காலி போய்விட்டது, அதன் நிழல் மட்டும் சுவரை விட்டுப் போகவில்லை.

பழைய சாமான் வாங்குகிறவன் காலையில்தான் அதை வண்டியில் போட்டுக்கொண்டு போனான். ஒரு கால் ஆடுகிற, பின்னல் தொய்ந்த, லேசாக அசைந்தாலே கிரீச்சென்று ஊரைக் கூட்டுகிற நாற்காலி. தொலைந்தது சனியன் என்று சொல்லித்தான் அவர் கொடுத்தார். மனைவி இறந்துபோன பிறகு முதுகுக்குப் பின்னால் அது காலியாகக் கிடப்பதை அவரால் தாங்க முடியவில்லை என்பதுதான் விஷயம். சாயங்காலம் அச்சகத்திலிருந்து திரும்பி, குடையை வாசலில் விரித்து வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டே மேசை விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பினால், பின் சுவரில் அது அப்படியே இருந்தது. குறுக்குச் சட்டங்கள், ஒரு பக்கம் சரிந்த கைப்பிடி, வளைந்த முதுகு. முதுகுக்கு மேலே ஒரு தலை.

தலையில் கொண்டை. சற்றே முன்னால் குனிந்து, மேசையில் என்ன வேலை நடக்கிறது என்று எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

விளக்கைத் தள்ளி வைத்தார். நிழல் நகரவில்லை. அணைத்துப் பார்த்தார். ஜன்னலில் மிச்சமிருந்த மழைக்கால வெளிச்சத்திலும் அது அங்கேயே இருந்தது. வேறு யாராயிருந்தாலும் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடியிருப்பார்கள். அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிட்டப் போனார். புத்தி அப்படிப் பழகிவிட்டது.

பகலெல்லாம் மருந்து அட்டைகளுக்கு எழுத்துக் கோக்கிற வேலை. மாலையானால் பொம்மை விமானம். பொம்மை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். நிஜ விமானத்தை அளவெடுத்து உள்ளங்கை நீளத்துக்குச் சுருக்கிய அச்சு அது. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, தேய்த்து, வர்ணம் அடித்து, எறும்பு உட்காருகிற அளவு இருக்கைக்குப் பித்தளைத் தகட்டில் வெட்டிய பெல்ட்டை இடுக்கியால் மாட்டி, கடைசியில் இறக்கையிலும் வாலிலும் ஒட்டுப்படம் ஒட்டுவார். தண்ணீரில் ஊறினால் காகிதத்தை விட்டு நழுவுமே, அந்தப் படம். எண்ணும் சின்னமும் கோடுமாக, வெங்காயத் தோலைவிட மெல்லிய படலத்தில் அச்சடித்தது. ஒரு விமானத்துக்கு நான்கு புத்தகம் வாங்குவார். ஒரே ஒரு போட்டோவை நம்பி வேலையில் இறங்கக்கூடாது என்பது அவருடைய வேதம். இடப்பக்கம் இருப்பது வலப்பக்கம் இருக்காது. அலமாரி நிறைந்து கட்டிலுக்கு அடியிலும் பெட்டிகள் போயின. “என் சக்களத்திங்க” என்பாள் மனைவி. ஒருமுறை பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஆளே இல்லாத சீட்டுக்கு பெல்ட்டு ஒரு கேடா?” என்று கேட்டுச் சிரித்தாள்.

ஆனாலும் அவள் தினமும் வந்து உட்காருவாள். அவர் முதுகைக் காட்டி வேலை செய்துகொண்டிருக்கும்போது பின்னால் நாற்காலி கிரீச்சென்னும். வந்துவிட்டாள் என்று தெரியும். திரும்ப மாட்டார், இடுக்கியின் நுனியில் தூசியைவிடச் சின்ன உதிரி ஒன்று நிற்கும்போது எப்படித் திரும்புவது? அச்சகத்து முதலாளி அடித்த கூத்து, மகளுக்குப் பணம் அனுப்பியது என்று அவர்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவார். அவள் பேச மாட்டாள். நாற்காலி மட்டும் ஒருதரம் கிரீச்சென்னும். அதைவிடப் பெரிய பதில் அவருக்குத் தேவைப்பட்டதில்லை. அந்தச் சத்தம் இல்லாத வீடு எப்படியிருக்கும் என்று இந்த மழைக்காலத்தில்தான் தெரிந்தது.

பூதக்கண்ணாடியில் நிழலின் ஓரம் தெரிந்தது. கறுப்பு முடிந்த பிறகும் முடியிழை அகலத்துக்கு ஒரு பளபளப்பு சுற்றிவர ஓடியது. படலத்தின் விளிம்பு. எத்தனை ஆயிரம் ஒட்டுப்படங்களில் பார்த்திருப்பார்! அவள் உட்கார்ந்து உட்கார்ந்து, அவளுடைய நிழல் சுவரில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதுதான் அவருக்குத் தோன்றியது. பயம் வரவேண்டிய இடத்தில் அழுகை வந்தது.

“இங்கதான் இருக்கியா நீ?” என்று கேட்டுவிட்டு வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தார்.

பிறகு பழக்கதோஷம், சரிபார்க்கப் படம் தேடினார். வேறொரு தேசத்தில் என்றோ ஓடிய விமானத்தின் சக்கரக் குழிக்கு அவரிடம் ஒரு புத்தகம் முழுக்கப் படங்கள் இருந்தன. அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒன்றுகூட இல்லை. அது மனதைச் சுட்டது. சரி, என் பெண்டாட்டியை எனக்குத் தெரியாதா என்று தேடுவதை விட்டுவிட்டார்.

அதற்குப் பின் வீடு திரும்புவதற்கு அவருக்கு அவசரம் வந்தது. மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். இனிமேல் அவளைப் பார்த்தபடிதான் வேலை. அவளோடு பேசிக்கொண்டே சாப்பிட்டார். மகள் நகரத்தின் மறுகோடியில் இருந்தாள். எங்களோடு வந்து இருங்கள் என்று போனில் நச்சரிப்பாள். இந்த விமானம் முடியட்டும் என்பார் இவர். நீங்கள் முடிப்பதற்குள் நிஜ விமானமே துருப்பிடித்துவிடும் என்று அவள் கிண்டல் செய்வாள். நிழலைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை.

மழைதான் விடவில்லை. சுவர் ஓதம் ஏறி, கையை வைத்தால் சில்லென்றது. ஒரு மாலை, நிழலின் தோளில் சாம்பல் நிறமாய் ஒரு திட்டு மினுங்குவதைக் கண்டார். அவருக்கு அது என்னவென்று தெரியும். படலத்துக்கு அடியில் காற்றுப் புகுந்தால் ஒட்டுப்படம் அப்படித்தான் வெள்ளி பூக்கும், அப்புறம் உரியும். அடுத்த மாலை திட்டு கழுத்துவரை ஏறியிருந்தது. கொண்டையின் ஓரம் சுவரை விட்டு எழும்பி, ஜன்னல் காற்றில் மெல்ல ‘டிக், டிக்’ என்று அடித்துக்கொண்டது. சாப்பிடும்போதும் அந்தச் சத்தம். ரேடியோவைப் போட்டாலும் அந்தச் சத்தம். ஒருதரம் அவளைக் கொடுத்தாயிற்று. இன்னொருதரம் கொடுக்க அவருக்குத் தெம்பில்லை.

இளக்கித் திரவம் இரண்டு புட்டி இருந்தது. அதைத் தடவினால் படலம் இளகி, கீழே இருக்கிற மேடுபள்ளத்தோடு அப்படியே படிந்துவிடும். வர்ணத்தில் எழுதியதோ என்று தோன்றும். பிறகு உரியவே உரியாது. ஆனால் நடுவில் ஒரு கட்டம் உண்டு. படம் சுருங்கி, கசங்கி, பாழாய்ப்போன மாதிரி தெரியும். பழகாதவர்கள் பதறிக் கையை வைத்துவிடுவார்கள். வைத்தால் விரல் ஒட்டிக்கொள்ளும். காயும் வரை தொடாதே. அந்த வேலையில் இருக்கிற ஒரே சட்டம் அதுதான்.

அகலமான பிரஷ்ஷை எடுத்து, காலிலிருந்து ஆரம்பித்துத் தலைவரை தடவினார். வினிகர் போலப் புளித்த வாடை அறை முழுக்க எழுந்து மூக்கைக் குத்தியது. நாற்காலிச் சட்டங்கள் முதலில் நெளிந்தன. பிறகு தோள். பிறகு அந்தத் தலை சுருங்கத் தொடங்கியது, விம்மலை அடக்குகிறவள் முகம் போல. எல்லாம் தெரிந்தவர்தான். இப்படித்தான் ஆகும், சும்மா இரு என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது. மேசையில் இருந்த போனில் மகளின் குரலைப் பெரிதாக்கி வைத்துவிட்டுத் திரும்பச் சுவரருகே வந்தார். சாப்பிட்டாயிற்றா, இருமல் நின்றதா என்று அவள் கேட்க, இவர் ஊம் கொட்டினார். கண்ணெல்லாம் சுவரில் இருந்தது. அந்தத் தலை இன்னும் சுருங்கியது. அழுகிறாள் என்றே பட்டது. பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

கையை நீட்டி, கன்னத்தில் உள்ளங்கையை வைத்தார்.

சில்லென்று, மெத்தென்று இருந்தது. அந்தச் சுகத்தில் வாய் தானாகத் திறந்தது. “உங்கம்மா இங்க என் பின்னாடி நாற்காலியில உக்காந்துட்டே இருப்பால்ல... ஞாபகம் இருக்காம்மா?”



“எந்த நாற்காலிப்பா?”

“அதான், கிரீச்சுனு கத்துமே.”

“அம்மா அதுல உக்காந்ததே இல்லையேப்பா.” அவள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். “நீங்க அந்த மருந்தெல்லாம் திறந்தாலே அம்மாக்கு தலைவலி வந்துடும். உள் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு இருப்பா. உங்ககிட்ட சொல்லாதேன்னு சொல்லுவா. பாவம், அவருக்கு இருக்கறது அது ஒண்ணுதான்னு.”

அவர் கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

“தரையிலதான் உக்காருவா. ஒரு முழங்காலைத் தூக்கி வெச்சு, அதுமேல தாடையை வெச்சுக்குவா. தலையை அவிழ்த்துவிட்டு, இடது கையால சிக்கு எடுத்துக்கிட்டே... எனக்கு இப்பவும் அப்படியே கண்ணுல நிக்குது.” மகளின் குரல் உடைந்தது.

சுவரில் நாற்காலியின் சட்டங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று கீழே வழிந்தன.

அவர் இழுத்தார். தோள் மூட்டு நொடித்தது, உள்ளங்கை அசையவில்லை. அப்படியானால் அத்தனை வருடம் பின்னால் உட்கார்ந்திருந்தது யார்? நாற்காலி யாருக்காகக் கிரீச்சிட்டது? முதலாளியைப் பற்றி, மகளைப் பற்றி, மகள் வீட்டைப் பற்றி, எல்லாவற்றையும் யாரிடம் சொன்னார்?

நிழல் சரிந்து தரையை நோக்கி இறங்கியது. அவர் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. அவர் மண்டியிட்டார். ஒரு முழங்கால் மேலே எழுந்தது. அதன்மேல் தாடை படிந்தது. கொண்டை அவிழ்ந்தது.

அது கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டுக் கேட்டுச் சரிசெய்துகொண்டிருந்தது.

“போதும்மா,” என்றார். “சொல்லாத. இனிமே எதையும் சொல்லாத.”

“அப்பா? ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்ல. நீ போனை வை.”

“நான் கிளம்பி வரேன். சாவி எங்கிட்ட இருக்கு.”

“வராத—”

போன் அணைந்திருந்தது.

மேசை நான்கு அடி தள்ளி. காலை நீட்டினார். எட்டவில்லை. சத்தம் போட்டார். மழை அதைவிடச் சத்தமாகப் பெய்தது.

படலம் இப்போது இறுகத் தொடங்கியிருந்தது. ஒட்டுப்படம் தன்னுடைய வடிவத்தைக் காட்டாது. கீழே இருப்பதைத்தான் காட்டும். கீழே இருப்பது சுவர். சமதளமான சுவர். ஆனால் அவர் உள்ளங்கைக்கு அடியில் எலும்பு எழுந்தது. கன்ன எலும்பு. அதற்குக் கீழே தாடை. தாடை முடியவேண்டிய இடத்தில் முடியவில்லை. விரல்களைத் தாண்டிப் போனது. மணிக்கட்டைத் தாண்டிப் போனது.

அதன் நெடுகப் பற்கள்.

அவர் கையைப் பார்த்தார். விரல்கள் இல்லை. விரல்களின் நிழல் இருந்தது. கறுப்பு மணிக்கட்டில் ஏறியது. முழங்கையில் ஏறியது. வலியில்லை. கனமும் இல்லை. ஓரத்தில் ஒரு பளபளப்பு மட்டும், முடியிழை அகலத்துக்கு. தோள். கழுத்து. கன்னம் சுவரில் சாய்ந்தது, சில்லென்று. கத்த வாயைத் திறந்தார். படலம் உதட்டுக்குள் போய் ஒட்டிக்கொண்டது.

காய்ந்துகொண்டிருந்தது.

பூட்டில் சாவி திரும்பியது. கதவு திறந்தது. மழை வாடையோடு மகள் உள்ளே வந்து, “அப்பா” என்று கூப்பிட்டாள். மேசை விளக்கு எரிந்தது. புட்டி திறந்து கிடந்தது. அவள் உள் ரூமை எட்டிப் பார்த்தாள். திரும்பினாள். சுவரைப் பார்த்தாள்.

அவள் முகம் மாறியது. பயத்தால் அல்ல. இந்த மழைக்காலம் முழுக்க அவள் முகத்தில் இல்லாத ஒரு வெளிச்சம் அதில் வந்தது. தரையில், ஒரு முழங்காலைத் தூக்கி, அதன்மேல் தாடையை வைத்து, இடது கையால் சிக்கெடுத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த இன்னொரு கறுப்பை மகள் கவனிக்கவில்லை.

“அம்மா,” என்றாள், சின்னப் பிள்ளையின் குரலில்.

அவர் கன்னத்தோடு கன்னம் ஒட்டியிருந்த அது, படலத்துக்கு அடியில் மெல்ல வாயைத் திறந்தது.

மகள் மண்டியிட்டு, மழையில் நனைந்த கையை நீட்டினாள்.